நகப்பூச்சுக் கோடு

நாலு பல். நாலே நாலு பல் தள்ளி வைத்தால் போதும். மூன்று என்றால் அவன் பிழைத்துவிடக்கூடும். ஐந்து என்றால் தரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். நாலு என்றால் மேலே போய், இன்ஜின் முழு வேகத்தில் சுற்றும்போது, எதிரியைக் கண்டு அவன் துப்பாக்கி விசையை அழுத்துகிற நொடியில்தான் தெரியும். தெரிந்த பிறகு அவனுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. என் தம்பிக்கு அவ்வளவாவது கிடைத்ததா?

பவதாரணி இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தூக்குப்போசியிலிருந்த புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்தாளே தவிர ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. எதிரே ஏழாம் எண் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த துணி, துணியின்மேல் மூன்று பூச்சு வார்னிஷ். மூக்கில் இரண்டு இலை கொண்ட மர விசிறி. விசிறிக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி. நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய போர் விமானங்களின் படங்களைப் பார்த்து, உப்பளத்தை மட்டமாக்கிப் போட்ட இந்த ஓடுதளத்துக் கொட்டகையிலேயே செய்தது.

"ஏட்டி, நீ சோத்தத் திங்கியா, சோறு உன்னத் திங்குதா?" என்றாள் ரெஜினா. இறக்கைத் துணி தைக்கும் பதினெட்டுப் பெண்களுக்கும் அவள்தான் மேஸ்திரி. தூத்துக்குடிக்காரி. அவள் பேசினால் கொட்டகையின் மறுமுனைவரை கேட்கும்.

"பசிக்கலைங்க்கா."

"பசிக்காது. முந்தாநாளு மெஸ்ஸுக்குத் திரைச்சீல மாட்டப் போனதுலருந்து உன் மூஞ்சி சரியில்ல. அங்க எவனும் ஏதும் சொன்னானா? சொல்லு, இறக்க தைக்கிற ஊசியால அவன் வாயத் தச்சிருதேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க்கா." அது உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாதமாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது மிருதுளா வந்தாள். வேவுப் படம் எடுப்பதற்காக மூன்று நாட்களுக்கு முன்தான் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தவள், இருபத்திரண்டு வயது. கழுத்தில் மாட்டும் கேமராவின் வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"அக்கா, இதைக் கொஞ்சம் தைச்சுத் தர்றீங்களா? மேல போய் கேமராவைக் கீழ போட்டேன்னு வைங்க, எதிரிக் கப்பல்காரன் எடுத்துத் தரமாட்டான்."

பவதாரணி கையைக் கழுவிக்கொண்டு வாரை வாங்கினாள். கேமராவைப் பார்த்ததும் அவள் விரல்கள் ஒரு நொடி நின்றன. தம்பி யுகேந்திரன் வைத்திருந்ததும் இதே மாதிரிதான். மெழுகு நூலை ஊசியில் கோத்தாள்.

மிருதுளா ஏழாம் எண்ணின் மூக்கருகே போய் எட்டிப் பார்த்தாள். "கேக்கணும்னே இருந்தேன்க்கா. ஃபேன் நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு மேல சுத்துது. துப்பாக்கி அதுக்குப் பின்னாடி இருக்கு. அப்புறம் எப்படி குண்டு இலையில படாமப் போகுது?"

"தையல் மெஷின் பார்த்திருக்கியா?"

"அம்மா வச்சிருந்தாங்க."

"ஊசி கீழ எறங்குது. கொக்கி சுத்தீட்டு வருது. ஊசி மறுபடி ஏற ஆரம்பிக்கறப்ப, ஒரு முடி எடைவெளியில கொக்கி பக்கத்துல போயி நூலை எடுத்துக்குது. ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் வருது. ஒரே நேரத்துல வந்துட்டா ஊசி ஒடஞ்சு மூஞ்சியில தெறிக்கும். அதுக்குத்தான் டைமிங் வைக்கறது. இதும் அதேதான். ஃபேன் அச்சுல ஒரு பல் வளையம் இருக்குது பாரு. எலை துப்பாக்கிக்கு நேரா வர்றப்ப அது சுட விடாது. தாண்டினதும் விடும்."

"ஓ! அதான் திருப்பூர்லருந்து மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"பனியன் கம்பெனியில பன்னெண்டு வருசம் டைமிங் வச்சேன். இங்க வந்த இன்ஜினியருங்க மூணு பேரு மூணு மாசம் கணக்குப் போட்டு நாலு ஃபேனை ஒடச்சாங்க. அப்புறந்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

ரெஜினா சிரித்தாள். "அதுலயும் ஒரு ஃபேன் பறந்து வந்து சமையக்கட்டுல விழுந்திச்சு. அன்னைக்கு சாம்பார்ல மரத்தூளு."

மிருதுளா இன்னும் குனிந்திருந்தாள். "இந்தச் சிவப்புக் கோடு என்னக்கா?"

"நெயில் பாலிஷ்."

"நெயில் பாலிஷா!"

"எங்கூர்ல எல்லா மெஷினுக்கும் வைப்போம். டைமிங் வச்சு நட்டை முறுக்கினதும் வளையம், நட்டு, அச்சு மூணு மேலயும் சேர்த்து ஒரே இழுப்பா ஒரு கோடு. எது நகந்தாலும் கோடு ஒடஞ்சு காட்டிக் குடுத்துரும்."

"அப்பா சொல்வாரு, சண்டைக்கு முன்னாடி இருந்த ஜெட் விமானமெல்லாம் தானே எல்லாத்தையும் எழுதி வச்சுக்குமாம். யார் எந்தப் பட்டனை எந்த நொடி அழுத்தினாங்கன்னுகூட."

"இதுல எழுதறதுக்கு என்ன இருக்குது?" பவதாரணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மரமும் துணியுந்தான். மனுசன் கீழ வந்து என்ன சொல்றானோ அதான் நடந்தது."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று ரெஜினாவை நிமிர்ந்து பார்க்க வைத்தது. மிருதுளா ஒன்றும் கவனிக்காமல் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "யானையையே கட்டலாம்க்கா" என்று ஓடினாள்.

சூட்டலை வந்து ஆறு வருடமாகிவிட்டது. எதிரியின் கப்பல்கள் கடலில் எங்கோ நின்றுகொண்டு அந்த அலையை வீசுகின்றன. வானத்தில் இருக்கும் எந்தச் சிப்பையும் அது வறுத்துவிடும். முதல் நாளில் செயற்கைக்கோள்கள் குருடாயின. இரண்டாம் நாள் ஜெட் விமானங்கள் கல்லைப்போல விழுந்தன. பிறகு நாம் அதே அலையைத் திருப்பி வீசக் கற்றுக்கொண்டோம், அவர்களுடையவையும் விழுந்தன. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் மிஞ்சியது அலைக்கு அகப்படாத ஒன்றுதான்: சிப்பே இல்லாத விமானம். மரம், துணி, பெட்ரோல், ஃபிலிம், அதில் ஏறிப் போக மனிதர்கள். கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துப் படமெடுக்க இருவர் அமரும் வேவு விமானம். அதைச் சுட வருபவர்களைச் சுட, அதன் கூடவே ஒற்றை ஆள் சண்டை விமானம்.

விமானங்கள் திரும்பி வந்துவிட்டன. அவற்றின் நினைவு மட்டும் திரும்பவில்லை. எனவே அரசாங்கம் ஒரு விதி போட்டது. இரண்டு பேர் கையெழுத்திட்டால் அது நடந்தது. ஒருவர் மட்டும் சொன்னால் அது பேச்சு. இரு கை விதி என்று அதற்குப் பெயர். விமானம் மேலே ஏற விமானியின் கையும் பொருத்துநரின் கையும் வேண்டும். கீழே வந்த பிறகு என்ன நடந்தது என்று எழுதவும் இரண்டு கை வேண்டும்.

யுகேந்திரன் செத்ததற்கும் இரண்டு கை இருக்கிறது. ஒன்று விமானி ஹரிவர்தனுடையது. இன்னொன்று பவதாரணியுடையது.

யுகேந்திரன் கல்யாணப் போட்டோகிராபராக இருந்தவன். பட்டாளத்தில் துப்பாக்கி தூக்க அனுப்பிவிடுவார்களே என்று பயந்து, அக்காதான் கேட்டுச் சொல்லி இங்கே வேவுப் படத்துக்குச் சேர்த்துவிட்டாள். பின்இருக்கையில் எழுந்து நின்று, கீழே கப்பலைப் பார்த்து, "மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று கத்துவானாம். விமானிகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல், எதிரியின் மூன்று விமானங்கள் அவன் விமானத்தை எரித்துக் கடலில் தள்ளின. துணைக்குப் போயிருந்த ஹரிவர்தன் தனியே திரும்பி வந்தான். துப்பாக்கியின் டைமிங் நகர்ந்துவிட்டது, சுட முடியவில்லை என்றான்.

அறிக்கை எழுதினார்கள். "நேரப் பிழை. பொருத்துநர்: பவதாரணி." அன்று அவன் ஓட்டிய ஏழாம் எண்ணின் விசிறியைக் கழற்றி எங்கோ கொண்டுபோயிருந்தார்கள். பார்க்க வேண்டும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தம்பி செத்துப் போனான், தன் கைதான் காரணம் என்கிறார்கள், அவள் நம்பினாள். நம்புவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு உடம்பு கூசியது. குற்றத்தை யாராவது தன்மேல் வைக்கட்டும் என்று காத்திருந்தவளைப்போல் பேனாவை வாங்கி உடனே கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ரயிலேறித் திருப்பூர் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அம்மா, நான் வச்ச டைமிங் தப்பாப் போச்சு" என்றாள். அம்மா அழவில்லை. இவள் முகத்தையும் பார்க்கவில்லை. இவள் கைகளைப் பார்த்தாள். வெகுநேரம் அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

ஐந்து மாதமும் பவதாரணி அந்தக் கைகளோடு வாழ்ந்தாள். சோறு பிசையும்போது பார்ப்பாள். தலை வாரும்போது பார்ப்பாள். இதே கைதான் என்று நினைப்பாள்.

முந்தாநாள் அதிகாரிகளின் சாப்பாட்டு மெஸ்ஸில் திரைச்சீலை மாட்ட ஏணியில் ஏறினாள். சுவரில் ஒரு மர விசிறி தொங்கியது. அதன்கீழே சட்டமிட்ட படத்தில் யுகேந்திரன் சிரித்தான். நினைவுச் சின்னமாம். விசிறியை அச்சோடும் பல் வளையத்தோடும் சேர்த்தே கழற்றி மாட்டியிருந்தார்கள். அச்சில் ஏழு என்று பொறித்திருந்தது. இலைகளில் ஒரு கீறல்கூட இல்லை. டைமிங் நகர்ந்திருந்தால் துப்பாக்கி சுடாமல் நிற்காது, இலையைச் சுடும். ஊசி நேரம் தப்பினால் நூல் நிற்பதில்லை, ஊசி உடையும். இதை அறிக்கை எழுதியவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் அன்று அழுதுகொண்டிருந்தாள்.

ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, விசிறியின் பின்பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். வளையத்தில் தொடங்கி, நட்டின் மேலேறி, அச்சில் முடிந்தது அவள் போட்ட சிவப்புக் கோடு. தூசி படிந்து மங்கியிருந்தது. உடையவில்லை.

அவள் ஏணியிலிருந்து இறங்கி, மிச்சத் திரைச்சீலைகளையும் மாட்டிவிட்டுத்தான் வந்தாள். சுருக்கம் இல்லாமல்.

நேற்றுக் காலை விங் கமாண்டர் தில்லைநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் கேட்டுக்கொண்டார். எழுந்து போய் மெஸ்ஸில் பார்த்துவிட்டும் வந்தார்.

"கோடு முழுசாத்தான்மா இருக்கு."

"அப்ப அறிக்கையை மாத்துங் சார்."

"மாத்த ரெண்டு கை வேணும். உன் கை ஒண்ணு. இன்னொண்ணு? அவன் போடுவானா?"

"நீங்க போடுங் சார். இப்பப் பாத்துட்டு வந்தீங்களே."

"நான் பார்த்தது செவுத்துல தொங்குற ஒரு ஃபேனை. அன்னைக்கு மேல நடந்ததை நான் பார்க்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "தாரணிம்மா, சண்டை விமானம் ஓட்டத் தெரிஞ்சவங்க எங்கிட்ட மூணே பேரு. ஒருத்தனை உக்கார வச்சா ரெண்டு. அந்த ரெண்டும் எத்தனை நாளைக்கு? உண்மையைத் தூக்கிட்டு நான் வானத்துக்குப் போக முடியாது."

"எங்கம்மாகிட்ட நான் என்னங் சார் சொல்றது?"

அவர் மேசைமேல் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த காகிதங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

நேற்று முழுக்க அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் ஆச்சரியம். வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இன்று காலையில் ஹரிவர்தன் வந்து ஏழாம் எண்ணின் இறக்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "நாலு மணிக்கு ரோந்துங்க, ரெடியா இருக்கட்டும்" என்று சொல்லிப் போனபோது அந்தக் கல் திரும்பிப் படுத்தது. அப்போதுதான் எண்ணிக்கை வந்தது. நாலு பல்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் பின்னால் இருந்த ஓலைப் பந்தலுக்குக் கண்ணயரப் போனார்கள். ரெஜினா மட்டும் திரும்பிப் பார்த்து, "வாட்டி, செத்த நேரம் சாயி" என்றாள்.

"ஒரு நட்டு லூசா இருக்குதுங்க்கா. முடிச்சுட்டு வர்றேன்."

வெயில் துணிக்கூரை வழியே மஞ்சளாக இறங்கியது. முக்காலியில் ஏறி, ஸ்பேனரை நட்டில் மாட்டி இழுத்தாள். பழைய கோடு மெல்லிய சத்தத்தோடு பிளந்தது. வளையத்தை ஒரு பல் தள்ளினாள். யுகி சின்ன வயதில் பனியன் கழிவு மூட்டைகளின் மேல் குதித்து விளையாடியது ஞாபகம் வந்தது. இரண்டாவது பல். அம்மா தன் கைகளைப் பார்த்த பார்வை. மூன்றுக்கும் நாலுக்கும் அவள் எதையும் நினைக்கவில்லை. எண்ண மட்டும் செய்தாள்.

நட்டை முறுக்கினாள். இடுப்புப் பையிலிருந்து நகப்பூச்சுச் சீசாவை எடுத்து, நடுக்கமில்லாமல் ஒரே இழுப்பில் புதுக் கோடு போட்டாள். வாயால் ஊதி ஆற்றினாள். விமானம் உடைந்து விழுந்தால் மறுபடி அவள் பெயரைத்தான் எழுதுவார்கள். எழுதட்டும். என் கைதான் கொன்றது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இனியாவது அது உண்மையாக இருக்கட்டும். அவன் என்ன சொன்னான், டைமிங் நகர்ந்துவிட்டது என்றுதானே? நகர்த்திவிட்டேன். அவன் வார்த்தையைப் பொய்யாக விட்டுவைப்பானேன்.

இப்படி நினைத்தபோது அவளுக்கு ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. மிச்சப் புளிச்சோற்றை நின்றுகொண்டே தின்று முடித்தாள்.

மூன்றரைக்கு ரெஜினா ஓடி வந்தாள். "ஏட்டி, ஏழு ரோந்துக்கு இல்லையாம். மூணாம் நம்பரு இன்ஜின் எண்ணெயக் கக்கிட்டு. அதுக்குப் பதிலா ஏழுதான் வேவு விமானத்துக்குத் துணையாப் போவுது. வெயிலு சாயுததுக்குள்ள படம் எடுக்கணுமாம், நெழலு நீளமா விழுந்தாத்தான் கப்பலு நல்லாத் தெரியுமாம். அந்தப் பிள்ள துள்ளிக் குதிச்சுக்கிட்டு ஏறிட்டா."

வெளியே வேவு விமானம் இன்ஜின் சூடேற நின்றது. பின்இருக்கையில் மிருதுளா. தைத்த வாரைத் தூக்கிக் காட்டி, யானையைக் கட்டுவதுபோல் சைகை செய்து சிரித்தாள்.

இந்தப் பெண் ஏன் இன்றைக்கு வந்தாள்? பவதாரணிக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. நான் என்ன செய்ய? யுகியும்தான் சிரித்தான். அவனுக்காக யார் நின்றார்கள்? இவளும் யாரோ ஒருத்தியின் தங்கைதான், ஆமாம். அந்த யாரோ ஒருத்திக்கும் அப்போது தெரியட்டும். நினைத்து முடிப்பதற்குள் அந்த நினைப்பின் நாற்றம் அவளுக்கே அடித்தது. தனக்குள் இவ்வளவு தூரம் போக இடமிருக்கிறது என்று அவள் அறிந்திருக்கவில்லை. ஆனால் வெறுப்பு குறையவில்லை. அது அதே இடத்தில், அதே எடையில் இருந்தது.

ஹரிவர்தன் வந்தான். மெலிந்த ஆள், முப்பதைத் தாண்டாதவன். கையில் புறப்பாட்டு அட்டை. அதில் அவன் கையெழுத்து இருந்தது. அவள் கைக்கான இடம் காலியாக இருந்தது. எல்லா விமானிகளையும் போல அவனும் குனிந்து அச்சைப் பார்த்தான். நிமிரவில்லை. விரலை நீட்டிக் கோட்டைத் தொட்டான்.

"காலையில மங்கலா இருந்தது" என்றான். "இப்ப பளபளன்னு இருக்கு."

அவள் ஸ்பேனரைத் துணியில் துடைத்தாள்.

"ரெஜினாம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா?" என்றான். ரெஜினா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"எத்தனை பல்லு?"

பொய் சொல்லலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "நாலுங்."

"நாலு." தலையை ஆட்டினான். பயம் அவன் முகத்தில் இல்லை. வெகுநேரம் தாமதமாக வந்த பஸ்ஸைப் பார்ப்பவனின் முகம்தான் இருந்தது. "மெஸ்ஸுக்கு வந்தீங்கன்னு சொன்னாங்க. பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன். அந்த ஃபேனை வளையத்தோட கழட்டி அங்க மாட்டினது நான்தான்."

"நீங்களா?"

"யாராவது பார்ப்பாங்கன்னு. அஞ்சு மாசமா அதுக்குக் கீழதான் உக்காந்து சாப்பிடறேன். ஒருத்தரும் பார்க்கல. அங்க அந்தக் கோடு என்னன்னு தெரிஞ்ச ஆளே இல்ல."

"வாயிருந்ததல்லங் சார்? சொல்லியிருக்கலாமே."

"இருந்தது." அவன் தரையைப் பார்த்தான். "மூணு விமானம் மேலருந்து எறங்கிச்சு. கை விசை மேலதான் இருந்தது. அழுத்தவே இல்ல. அழுத்தியிருந்தா சுட்டிருக்கும், எனக்குத் தெரியும். திருப்பிட்டேன். நான் வட்டம் போட்டு வரத்தான் திரும்பறேன்னு யுகி நினைச்சிட்டான். கையைத் தூக்கிக் காட்டினான். சீக்கிரம் வாங்கன்னு."

பவதாரணி இறக்கையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். "இப்ப சொன்னது அத்தனையும் இதுல எழுதியிருக்கேன். கையெழுத்தும் போட்டாச்சு. உங்க கையும் சேர்ந்தா ரெண்டு கை. அறிக்கை மாறியே ஆகணும், கமாண்டர்கூடத் தடுக்க முடியாது. எடுத்துக்குங்க. அம்மாவுக்கு அனுப்புங்க." காகிதத்தை அட்டையின்மேல் வைத்து இரண்டையும் சேர்த்து நீட்டினான். "இதை வாங்கிக்கிட்டு, அட்டையில கை போட்டுடுங்க. நாலு பல்லு அப்படியே இருக்கட்டும். இதை எல்லாரும் படிச்சப்புறம் நான் இங்க யார் முகத்தையும் பார்க்க முடியாது. உங்களுக்கும் அதுதானே வேணும்?"

அதுதான் வேண்டும். இவ்வளவு சரியாக, இவ்வளவு முழுசாக, ஒரே கையில் யாராவது தருவார்கள் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. காகிதத்தைப் பார்த்தாள். அம்மா அதைப் பிரிப்பதைப் பார்த்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து வாசித்து, கடைசியில் நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்தாள். கையை அல்ல, முகத்தை. அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம். செய்யக்கூட வேண்டாம். செய்தாகிவிட்டது. பெயரை எழுதினால் போதும்.

அவன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கினாள்.

வேவு விமானத்தின் இன்ஜின் சத்தம் உயர்ந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, பின்இருக்கையில் ஒருத்தி எழுந்து நின்று இவர்களை நோக்கிக் கையைத் தூக்கிக் காட்டுகிறாள் என்று. சீக்கிரம் வாங்க.

பேனாவின் முனை அட்டையைத் தொடவில்லை.

"ஏனுங் சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே மிகச் சாதாரணமாகக் கேட்டது. "மேல போயி, விசையை அழுத்தி, நீங்க போயிருவீங்க. அதுக்கப்புறம் அந்தப் புள்ளை?"

அவன் வேவு விமானத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு எந்தம்பியை மேல விட்டுட்டுத் திரும்பினீங்க. இன்னைக்கு இவளை மேல விட்டுட்டுப் போறேங்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்."

"நீங்கதானே நாலு பல்லு..."

"ஆமாங். நாந்தான். இவ வர்றது தெரியாம வச்சேன். தெரிஞ்சும் ஒரு நிமிசம் சும்மா நின்னேன். அதையும் நான் யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகோணும்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "உங்களை மன்னிக்கலைங் சார். நீங்க செத்தாலும் மன்னிக்க மாட்டேன், இருந்தாலும் மன்னிக்க மாட்டேன். அதை நெனச்சு ஏமாந்துறாதீங்க."

"அப்ப என்னை எதுக்கு விடறீங்க?"

"யாருங் விட்டது?" அவள் பேனாவின் மூடியைப் போட்டு, அட்டையின்மேல் வைத்தாள். "வளையத்தைத் திருப்பி வச்சு, ஃபேனுக்குப் பதிலாப் பலகைத் தட்டை மாட்டிச் சுட்டு, ஓட்டை எங்க விழுகுதுன்னு பாத்து, அப்புறந்தான் கை போடுவேன். இன்னைக்கு இந்தத் துப்பாக்கி சுடும். ஒரு குண்டுகூட எலையில படாது. மூணு பேரு வந்தாலும் சுடும், பத்துப் பேரு வந்தாலும் சுடும். சுடாமத் திரும்பி வந்தீங்கன்னா, சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது. நான் மிச்சம் வைக்க மாட்டேன்."

அவன் முகம் அப்போதுதான் வெளுத்தது. நாலு பல் என்று கேட்டபோது வராத பயம் இப்போது வந்து, கண்ணிலிருந்து உதட்டுக்கு இறங்கியது. அவள் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"காகிதத்தையாவது வாங்கிக்குங்க" என்றான். குரல் பிசிறியது. "நான் வரலைன்னா?"

அவள் கை அதை நோக்கி எழுந்தது. இரண்டு விரல்கள் மடிப்பின் ஓரத்தைத் தொட்டன. பிறகு அதை அவன் சட்டைப்பையிலேயே சொருகி, தையல் முடித்த பையைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒருமுறை தட்டினாள்.

"வந்து குடுங்."

ரெஜினா சொம்பில் தண்ணீரோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். ஹரிவர்தன் அசையவில்லை. அட்டையை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தான். இம்முறை அவன் குரல் உத்தரவாக இல்லை, பேரமாகவும் இல்லை.

"போட்டுடுங்களேன். தயவுசெஞ்சு."

பவதாரணி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஸ்பேனரை நட்டில் மாட்டினாள்.

"இல்லைங்" என்றாள். "அரைமணி நேரம் ஆகும்னு அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்."